சிரிக்கச் சொன்னார்கள்

இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும் என்று ஹேமாவதி கணக்குப் போட்டாள். காலையில் அரை டம்ளர் காபி, அதிலும் பாதியை வாஷ்பேசினில் ஊற்றியாயிற்று. குரோம்பேட்டையில் ரயில் ஏறுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு தடவை, செருப்பு மாட்டிய பிறகு திரும்பி உள்ளே போய் இன்னொரு தடவை. கோடம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துச் சாலிகிராமத்தில் இந்த பங்களாவுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் வந்ததும் வராததுமாக மேக்கப்புக்கு உட்காரச் சொல்லிவிட்டார்கள், கீழே இருந்த பாத்ரூமில் விளக்குக் கம்பங்களையும் மடக்கிய குடைகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள், மாடியில் ஒன்று இருக்கிறது என்றார்கள். மாடிப்படி பதினெட்டு, எண்ணிவிட்டாள். ஏறுவது கஷ்டமில்லை, ஒவ்வொரு படிக்கும் காலைத் தூக்கும்போது என்ன ஆகும் என்பதுதான். அதைவிட, எல்லோரும் பார்க்க எழுந்து போவது, போய் வந்து அரை மணியில் மறுபடி எழுந்து போவது. மணி இப்போது பத்தே கால், ஆகவே பதினொன்றே கால் வரை. முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இந்தக் கணக்கு தப்புவதில்லை. தப்பினால் என்ன என்பதை மட்டும் அவள் போட்டுப் பார்ப்பதில்லை.

மேக்கப் போடும் லூர்து மேரி நரைமுடி விக்கை அவள் தலையில் வைத்துக் காதோரம் ஊசி குத்தினாள். அறுபத்து மூன்று வயதுக்கு ஹேமாவதியின் சொந்த நரை போதாதாம். ரிடையரான மறு வருஷம், மகள் கவிப்ரியாவின் கல்யாணத்தில் அவளைப் பார்த்த ஒரு ஏஜென்ட், உங்க முகம் போட்டோவுக்கு நல்லா வருதும்மா என்று நம்பர் வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து குக்கருக்கும் நெய்க்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் அவள் விளம்பரப் பாட்டியாக நின்றிருக்கிறாள், நிஜத்தில் பேரன் பேத்தி யாரும் கிடையாது. எல்லாப் படத்திலும் ஒரே சிரிப்புதான் கேட்பார்கள். தலை கொஞ்சம் சாய வேண்டும், கண் கனிய வேண்டும், யாரோ பெற்ற குழந்தையின் தோளில் கை இருக்க வேண்டும், உதடு மட்டும் விரிய வேண்டும். அந்தச் சிரிப்புக்கு வயிறு தேவையில்லை. கழுத்துக்குக் கீழே அவளுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி பட்டுப்புடவையைச் சுற்றிப் பொட்டலமாக உட்கார வைத்துவிடுவார்கள், அது அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. இன்றைக்குக் கழுத்துக்குக் கீழேதான் விஷயமே. டீப்பாயின் மேல் இளநீல பாக்கெட் ஒன்று இருந்தது, பெரியவர்கள் உள்ளே போட்டுக்கொள்ளும் பேட், சிறுநீர் கசிந்தால் உறிஞ்சிக்கொள்ளுமாம். ஹெல்த் ப்ராடக்ட் என்று மட்டும் சொல்லியிருந்த ஏஜென்ட், முந்தாநாள்தான் இன்னது என்று சொன்னார். வேண்டாம் என்றால் வேற ஆள் பார்க்கிறேம்மா என்றும் சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ரயிலில் வரும்போது ஒரு ஸ்டேஷன் தூரம் யோசித்தாள், பிறகு பல்லாவரத்தில் கூட்டம் ஏறி இடித்ததில் அந்த யோசனை போய்விட்டது.

இரண்டு படங்கள். முதல் படத்தில், கல்யாண வீட்டில் கவலையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவதில் அதே ஆள் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். படம் எடுப்பவள் தமயந்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாத பெண். கம்பெனியிலிருந்து கிரிதரன் என்று ஒருவர் பெங்களூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், நாற்பதுக்கு மேல், சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டை. கவலை எந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அவர் விளக்க ஆரம்பித்தார், நெற்றியைச் சுருக்கணும், கை வயிற்றில் இருக்கலாம் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் தமயந்தி கேமராவைத் தூக்கிவிட்டாள், ஹேமாவதி பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் உட்கார்ந்து ஒன்றுமே செய்யாமல் கதவைப் பார்த்தாள். எந்தக் கல்யாணத்திலும் அவள் முதலில் பார்ப்பது மணமேடையை அல்ல. கழிவறை எந்தப் பக்கம், அதற்குப் போகும் வழியில் எத்தனை சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், தாழ்ப்பாள் இருக்குமா, தரை ஈரமாக இருந்தால் புடவையை எப்படித் தூக்கிக்கொள்வது, இவ்வளவும் முடிவான பிறகுதான் பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள். பந்தியில் ரசத்தைத் தொடமாட்டாள். மோர் தொடவேமாட்டாள். யாராவது ஜோக் சொல்ல வாயெடுத்தால் காலைக் காலோடு சேர்த்து இடுக்கிக்கொள்வாள். படம் ஒரே தடவையில் முடிந்துவிட்டது. தமயந்தி கேமராவை இறக்கினாள்.

"எப்படி ஆன்ட்டி? நான் ஒண்ணுமே சொல்லலையே."

"நீ சொல்றதுக்குள்ள வந்துடுச்சி."

"என்கிட்ட வர்ற வயசான லேடீஸ் எல்லாரும் கேமராவைப் பார்த்ததும் பாட்டியா மாறிடுவாங்க. நீங்க மாறல."

அது பாராட்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டுப்புடவையை அவிழ்த்துவிட்டு வெளிர்மஞ்சள் சுடிதார் போட்டுவிட்டார்கள், வெள்ளை உறை போட்ட சோபாவில் உட்கார வைத்தார்கள். வெளிர்மஞ்சள், வெள்ளை. இந்த இரண்டு நிறத்தையும் தேர்ந்தெடுத்த ஆள் நிச்சயம் ஆண்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவள் வீட்டில் இருக்கும் நாலு சுடிதாரும் கருப்பு, கருநீலம், மெரூன், இன்னொரு கருநீலம். பத்தே முக்கால். சிரியுங்க ஆன்ட்டி என்றாள் தமயந்தி. ஹேமாவதி உதட்டால் சிரித்தாள். பாக்கெட் கையில் கனமே இல்லாமல் இருந்தது. இது நெய் சிரிப்பு, வேற வேணும் என்றாள் தமயந்தி. வேற என்றால் வயிற்றிலிருந்து. வயிற்றிலிருந்து வருவது எதுவுமே ஆறு வருஷமாக அவள் கையில் இல்லை, தும்மல், இருமல், சிரிப்பு, கனமான தண்ணீர் வாளி, எது வந்தாலும் கூடவே அதுவும் வரும், கொஞ்சம்தான் வரும், ஆனால் வரும். சிரிப்பைத்தான் முதலில் விட்டாள். விட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை, டீச்சர் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் எடுக்கும் ஸ்டாஃப் குரூப் போட்டோ முப்பத்தொன்று அவளிடம் இருக்கிறது, வரிசையாகப் பார்த்தால் முதல் பத்தில் பல் தெரிகிறது, அடுத்த பத்தில் உதடு மட்டும், கடைசியில் கோடு. முதல் வருஷம் நின்றுகொண்டிருந்தவள் சீனியாரிட்டி ஏறி நாற்காலிக்கு வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் முழங்காலைச் சேர்த்துக் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், போட்டோக்காரர் சொல்வார். சொல்லாமலே அவள் அப்படித்தான் உட்காருவாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு டீச்சருக்கு ஒரு கழிவறை, சாவி ஹெச்செம் மேஜையில், சாவியைப் போய்க் கேட்க வேண்டும், ஹெச்செம் ஆண். காலை ஒன்பதிலிருந்து நாலரை வரை. எல்லோரும் அடக்கிக்கொண்டார்கள். அவளும் அடக்கிக்கொண்டாள், அடக்க முடியும் என்பதில் அந்த வயதில் ஒரு பெருமைகூட இருந்தது, அதனால்தான் அந்தப் பெண் கையைத் தூக்கியபோது, வேண்டாம், அது இப்போது வேண்டாம்.

"மேடம் கொஞ்சம் இறுக்கமா இருக்காங்க" என்றார் கிரிதரன், அவளிடம் அல்ல, தமயந்தியிடம். "விடுதலை வேணும். இப்ப நான் ஃப்ரீ, அந்த ஃபீல்."

விடுதலை. கைப்பையில் போன் துடித்தது, கவிப்ரியாவாகத்தான் இருக்கும். நேற்று அரை மணி நேரம் பேசினாள். ஹைதராபாத்திலிருந்து பேசும்போது அவள் குரல் எப்போதும் ஆபீஸ் குரலாக இருக்கும், நேற்று அது உடைந்து சின்ன வயதுக் குரலாக வந்தது. "ஏம்மா, பஸ் பின்னாடி எல்லாம் ஒட்டுவாங்கம்மா. சேலத்துல அத்தை வீட்ல எல்லாரும் பாப்பாங்க. உனக்கு அந்தப் பிரச்சினை இருக்குன்னு நெனைப்பாங்கம்மா." நினைக்கட்டுமே என்று சொல்ல வாய் வரவில்லை, இருக்கிறது என்று சொல்லவும் வரவில்லை. முதுகுப் பக்கமாக மட்டும் எடுக்கலாம், முகம் வேண்டாம் என்று ஃபாரத்தில் எழுதினால் விட்டுவிடுவார்கள், ஏஜென்டிடம் கேட்டுவிட்டேன் என்றாள் கவிப்ரியா. கணவர் தணிகாசலம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் உன் இஷ்டம் என்றார். அவர் நல்ல மனிதர். அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத்தான் அவள் ஆறு வருஷமாக உள்ளே வைத்துக்கொள்கிறாள், துவைத்து, மொட்டை மாடியில் பாவாடைக்கு அடியில் காய வைக்கிறாள், வேட்டி என்ன ஆயிற்று என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மருந்துக் கடையில் இந்த மாதிரி பாக்கெட்டை ஒரு தடவை பார்த்தாள். கடைக்காரர் அவளிடம் படித்த பெண்ணின் அப்பா, வாங்க டீச்சர், என்ன வேணும் என்றார், இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எந்தப் பெண்ணின் அப்பா அவர்? சுமித்ராவா, அஞ்சுகமா. அஞ்சுகத்துக்கு அப்பா இல்லை. ஏழாம் வகுப்பு பி பிரிவு, மூன்றாவது பெஞ்சு ஓரம். பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒற்றை விரலைத் தூக்கி, டீச்சர், வெளிய போகணும் என்றாள் அந்தப் பெண். பெல்லடிக்கப் பத்து நிமிஷம்தான் இருக்கு, அடக்கிக்க முடியாதா, உட்காரு என்றாள் ஹேமாவதி. உட்கார்ந்தது. ஆறாவது கணக்கை எழுதும்போது பெஞ்சில் இருந்த மற்ற பெண்கள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். பெஞ்சுக்கடியிலிருந்து கோடு மாதிரி நடைபாதைக்கு வந்திருந்தது. அவள் திட்டவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை. ஏழாவது கணக்கை எழுதினாள். பெல்லடித்ததும் டஸ்டரை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டாள். அந்தப் பெண் மூன்று நாள் வரவில்லை, வந்த பிறகு வருஷம் முழுக்க அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தரையில் ஓடியது அவளுக்கு இப்போது நினைவில் உறுத்தவில்லை, அதற்கு முந்தின பத்து நிமிஷம்தான் உறுத்துகிறது, போர்டைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம். சற்று முன்னால் தமயந்திக்குக் கொடுத்த முகம் அதுதான். தன் முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டபோது தும்மல் வந்துவிட்டது. முகத்தில் பூசியிருந்த பவுடரோ, விக்கின் மயிரோ தெரியாது, ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் வெதுவெதுப்பாகத் தெரிந்தது. கொஞ்சம்தான். வேட்டித்துணி பிடித்துக்கொண்டது, ஆனால் வெளிர்மஞ்சள். எழுந்தால் தெரியுமா தெரியாதா என்று தெரியாது. எழாவிட்டால் சோபா.

"ஓகே ஆன்ட்டி, ஒண்ணும் இல்ல, ரிலாக்ஸ். ஒரு ஜோக் சொல்லட்டுமா?" என்றாள் தமயந்தி.

"சொல்லாத."

அது வகுப்பறைக் குரல். எல்லோரும் நிமிர்ந்தார்கள். லூர்து மேரி கையிலிருந்த சீப்பை இறக்கினாள்.

"நான் சிரிச்சா ஒண்ணுக்கு வந்துடும்" என்றாள் ஹேமாவதி. "இப்பவே கொஞ்சம் வந்துடுச்சி."

இந்த வார்த்தையைப் பெரியவர்களுக்கு முன்னால் சொன்னதே இல்லை, கணவரிடம்கூட. ஒரு வருஷமாக இதையே விற்றுக்கொண்டிருக்கும் கிரிதரன் போனை எடுத்து அதில் ஏதோ அவசரமாகப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. ஹேமாவதிக்கு, விசித்திரமாக, பயம் போய்விட்டது. பயந்துகொண்டிருந்ததே இந்த நிமிஷத்துக்குத்தான், நிமிஷம் வந்துவிட்டது, இனி வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

"இதுலேர்ந்து ஒண்ணு எடுத்துக்கறேன் சார். போட்டுக்கிட்டு வந்தா நீங்க எவ்வளவு சொன்னாலும் சிரிக்கறேன்" என்று பாக்கெட்டைப் பிரிக்கப் போனாள்.

"மேடம், அது…" என்றார் கிரிதரன். "அது டம்மி மேடம். உள்ள தெர்மாகோல்."

"நெஜமானது கொண்டு வரலையா?"

"போட்டோவுக்குத்தானேன்னு…"

"வாக்கா, எங்கிட்ட இருக்குது" என்றாள் லூர்து மேரி. மேக்கப் பெட்டியின் அடித்தட்டில் கையை விட்டு, ஸ்பான்ஜுக்கும் பசை பாட்டிலுக்கும் கீழேயிருந்து ஒன்றை உருவினாள். அவளுக்கு நாற்பத்தாறுக்கு மேல் இருக்காது. துப்பட்டாவை எடுத்து ஹேமாவதியின் இடுப்பில் சுற்றிவிட்டு, படியில் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். "மூணாவது புள்ளை பொறந்ததுலேர்ந்து. ஷூட்டிங்ல பன்னெண்டு மணி நேரம் நிக்கணும், கேரவன்ல நம்மள விடமாட்டாங்க. நீ மெதுவா வா, வந்தா வந்துட்டுப் போவுது." வந்தது, எட்டாவது படியில். அவள் நிற்கவில்லை.

மாடி பாத்ரூமில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி இருந்தது. வீட்டில் இருப்பது பீரோக் கண்ணாடி, கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் இடமில்லாததால் அதில் மார்புக்கு மேல்தான் தெரியும், மொத்தமாகத் தன்னைக் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று யோசித்தாள், ஞாபகமில்லை. சுடிதாரை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு நின்றாள். விக்குக்குக் கீழே மேக்கப் போட்ட முகம், மேக்கப் கழுத்தில் கோடு கிழித்த மாதிரி நின்றது, அதற்குக் கீழே அவளே. காம்பு தரையைப் பார்க்கும் மார்பு, இடதுபக்கம் கொஞ்சம் பெரிது, கவிப்ரியா அந்தப் பக்கம்தான் குடிப்பாள். வயிறு இரண்டு மடிப்பு, கீழ் மடிப்புக்கடியில் ஆபரேஷன் தழும்பு, அதைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. தொடையின் உட்புறத்தில் உப்புப்பட்ட மாதிரி தோல் கறுத்து உரசியிருந்தது, அது ஆறு வருஷத்து ஈரம். அழகாக இருக்கிறது என்றும் தோன்றவில்லை, அசிங்கம் என்றும் தோன்றவில்லை. வேலை செய்த உடம்பு. அந்த உரசலுக்குத் தேங்காயெண்ணெய் போட வேண்டும், இத்தனை நாள் போடாமல் இருந்தது முட்டாள்தனம். உட்கார்ந்தாள், அவசரமில்லாமல் எல்லாவற்றையும் விட்டாள், கழுவினாள், துடைத்தாள், லூர்து மேரி கொடுத்ததைப் பிரித்து வைத்துக்கொண்டாள். தடிமனாக, காய்ந்து, இதமாக இருந்தது. இரண்டு தடவை இருமிப் பார்த்தாள். கதவிடுக்கில் நீட்டிய சுடிதாரை வாங்கி, வெளியே லூர்து மேரி ஹேர் டிரையரால் அதன் பின்பக்கத்தைக் காய வைத்துக் கொடுத்தாள்.

கீழே வந்து உட்கார்ந்தபோது கிரிதரன் எழுந்து நின்றார். முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "மேடம், நீங்க தப்பா எடுத்துக்கலன்னா, ப்ராடக்ட் எப்படி இருக்கு? ஒரு ஃபீட்பேக் மாதிரி" என்று கேட்டார்.

"சார்" என்றாள் லூர்து மேரி. "அது உங்க கம்பெனி இல்ல சார். நம்மூரு மெடிக்கல்ல உங்களது கெடைக்கறதில்ல."

ஹேமாவதிக்குச் சிரிப்பு முதலில் மூக்கிலிருந்துதான் வந்தது. பிறகு தோள், பிறகு வயிறு, வயிறு குலுங்கியபோது பழக்கத்தில் முழங்கால் இரண்டும் சேர்ந்தன, சேர்ந்தவை தாமாகவே விலகின. வரட்டும். வந்தது, போன இடம் தெரியவில்லை. அந்த நினைப்பு இன்னும் சிரிப்பைக் கொண்டு வந்தது, விக் ஒரு பக்கம் சரிந்தது, அவள் சோபாவில் பின்னால் சாய்ந்து தன்னுடைய சத்தத்தைக் கேட்டாள், அது அவள் நினைத்ததைவிடக் கரகரப்பாக, அவளுடைய அம்மாவின் சத்தமாகவும் இல்லாமல், யாருடையதாகவும் இல்லாமல் இருந்தது. தமயந்தியின் கேமரா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

திரையில் படத்தைக் காட்டினார்கள். கண் மூடியிருந்தது, கடைவாய்ப் பல் இல்லாத ஓட்டை தெரிந்தது, கழுத்துத் தோல் மூன்று மடிப்பாக நின்றது. கண் திறந்து இன்னொன்று எடுக்கலாமே என்று கிரிதரன் ஆரம்பித்தார். தமயந்தி லென்ஸை மூடிவிட்டாள். பிறகு ஃபாரத்தை நீட்டினார்கள். முகம் காட்டலாமா என்ற கேள்விக்கு எதிரே இரண்டு கட்டம். போனில் கவிப்ரியாவின் ஐந்து மெசேஜ் இருந்தது. இவளிடம் சாயங்காலம் பேச வேண்டும், பஸ்ஸைப் பற்றி அல்ல, உனக்கும் ஒரு நாள் இது வரலாம், வந்தால் வேட்டி கிழிக்காதே என்று. அழுவாளாக இருக்கும். ஹேமாவதி ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள், பரீட்சைத் தாளில் போடுகிற மாதிரி, வால் நீளமாக.

விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் புடவையை மாற்றிக்கொண்டு செருப்பு தேடும்போது கிரிதரன் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ ரசீது கேட்கப் போகிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், எங்கம்மா மூணு வருஷமா எங்கயும் வர்றதில்ல. என் தங்கச்சி கல்யாணத்துக்கே மண்டபத்துக்கு அரை மணி நேரம்தான் வந்தாங்க. முழங்கால் வலின்னு சொல்வாங்க. வீட்ல நல்லாத்தான் நடக்கறாங்க." கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஃபங்ஷன்னா ரெண்டு நாள் முன்னாடியிருந்தே தண்ணி குடிக்கமாட்டாங்க. நான் இந்த வேலையில ஒரு வருஷமா இருக்கேன் மேடம்."

அவர் அழப் போகிறாரோ என்று ஹேமாவதி பார்த்தாள். இல்லை.

"நான் எப்படிக் கேக்கறது அவங்ககிட்ட?"

"நீங்க கேக்காதீங்க தம்பி. அவங்க செத்தே போயிடுவாங்க. அம்மா பேர் என்ன?"

"சரோஜினி."

"போன் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தார். நாலைந்து மணி அடித்தது. எடுத்து, சொல்லுப்பா கிரி, சாப்பிட்டியா என்றது அந்தப் பக்கம், கொஞ்சம் மூச்சு வாங்கிய குரல். எங்கிருந்து எழுந்து வந்தாளோ. ஹேமாவதி போனை ஒரு கையால் மூடிக்கொண்டு, நின்றுகொண்டே இருந்த கிரிதரனைப் பார்த்தாள்.

"நீங்க வெளிய போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."

கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரோஜினியம்மாவா?" என்று ஆரம்பித்தாள்.